முப்பத்தொன்றாம் தேதி எங்கே போனது

அம்பாசமுத்திரத்தில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில், ஐந்து பேர் உட்கார்ந்து கணினி நிரல் எழுதும் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று. உலக வழக்கத்துக்கு இது தலைகீழ்தான். சீடரே அதைப் பற்றிக் கவலைப்படாதபோது நமக்கென்ன வந்தது.

குருவின் பெயர் மெஹராஜ் பானு. யாரையும் அதட்ட மாட்டார். பதில் கேட்டுப் போனால் கேள்வியோடு திருப்பி அனுப்புவார். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடரின் பெயர் அருமைநாயகம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர். மூட்டுத் தேய்ந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சாயங்கால வகுப்பில் சேர்ந்து நிரல் எழுதக் கற்று, போன நவம்பரில் இங்கே வேலைக்கு வந்தார். அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

பழைய வேலை அவரை விட்டுப் போகவில்லை. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், எடுத்தவன் பையைத் தடவுவான் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அந்தக் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. அலுவலகத்திலும் யார் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மனிதர்களை மட்டுமல்ல, இயந்திரத்தையும் அவர் லேசில் நம்புவதில்லை. தேதிக் கணக்குப் போடுவதற்கென்று யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்கள் உண்டு. லைப்ரரி என்பார்கள். நாம் கேட்டால் அது கூட்டிக் கழித்துச் சொல்லும். வந்த புதிதில் அருமைநாயகம் அதைப் பற்றித்தான் டீச்சரிடம் முதல் புகார் கொண்டுபோனார்.

"டீச்சர், இதுல ஒரு மாசம்னு தனியா ஒண்ணு இருக்கு. முப்பது நாள்னு தனியா ஒண்ணு இருக்கு. எதுக்கு ரெண்டு? எங்கயோ இடிக்கே."

"ஒரு மாசத்துக்கு எத்தனை நாள் அண்ணாச்சி?"

"முப்பது. சிலதுக்கு முப்பத்தொண்ணு. பிப்ரவரி வேற இருக்கு."

"எந்த மாசம்னு சொல்லாம எத்தனை நாள்னு கேட்டா?"

அருமைநாயகம் யோசித்தார். "சொல்லாம கேட்டா நான் எப்படிச் சொல்ல?"

"அதுக்கும் அதே கஷ்டம்தான். அதான் ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்கு."

சொன்னது புரிந்தது. ஆனாலும் புரிந்ததற்கும் நம்பியதற்கும் நடுவே அவரிடம் எப்போதும் ஒரு பஸ் ஸ்டேஜ் தூரம் உண்டு.

அந்த டிசம்பரில் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை வலிப்பு நோய்க்காரர்களுக்கு இலவச முகாம் நடத்தத் தொடங்கியது. மாதத்தின் கடைசி நாளில் டாக்டர் வருவார். ஒரு மாதத்துக்கு மாத்திரை தருவார். முதல் முகாம் ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி. அடுத்த முகாம் என்றைக்கு என்று நோயாளிகளின் கைப்பேசிக்குத் தானாகத் தகவல் போக வேண்டும். அந்தத் தேதியைக் கணக்கிடும் பகுதியை அருமைநாயகத்திடம் கொடுத்தார்கள். அவர் தனியாக எழுதிய முதல் நிரல் அதுதான். போன முகாம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டு, வந்ததை அடுத்த தேதியாக வைத்துக்கொள், அவ்வளவுதான். எழுதி முடித்த அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி முகாம் சரியாக நடந்தது. மார்ச்சில் கதை கந்தலானது. இருபத்தெட்டாம் தேதி வரச் சொல்லித் தகவல் போனது. ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அறை பூட்டிக் கிடந்தது. டாக்டர் வந்தது முப்பத்தொன்றாம் தேதி. திரும்பிப் போனவர்களில் பாதிப் பேர் மறுபடி வரவில்லை. மாத்திரை தீர்ந்த ஒரு பெரியவர் அந்த வாரமே பஸ் நிறுத்தத்தில் வலிப்பு வந்து விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார்.

அறக்கட்டளைக்காரர்கள் கோபத்தோடு வந்தார்கள். முதலாளி பொன்னுலிங்கம் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. டீச்சரும் அப்போது ஊரில் இல்லை. அம்மாவின் கண் அறுவைக்காக நாகர்கோவில் போயிருந்தார்.

"கண்டுபிடிக்கிறதை எங்கிட்ட விடுங்க" என்றார் அருமைநாயகம். முதலாளி விட்டார்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி மத்தியானம் டீச்சர் வேலைக்குத் திரும்பினார். பையை வைத்துவிட்டு, மூலையில் இருந்த மண்பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோதே அருமைநாயகம் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆளைப் பிடிச்சிட்டேன் டீச்சர்."

"எந்த ஆளை?"

"தேதிய மாத்துன ஆளை. சாயங்காலம் முதலாளி வாராரு. பேரைச் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இன்னையோட வீட்டுக்கு அனுப்பிருவேன்னு அவரும் சொல்லிட்டாரு."

"யாரு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சக்தி."

பிரம்மசக்தி அலுவலகத்திலேயே வயதில் சின்னவள். கடைசி மேசையில், கையில்லாத நாற்காலியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா கடலோடு போனபின் வீட்டைத் தூக்கிப் பிடித்திருப்பது அவள் ஒருத்திதான். அது அருமைநாயகத்துக்கும் தெரியும். தெரிந்ததால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆனால் நெற்றி பிளந்த பெரியவரை நினைத்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"எப்படி முடிவுக்கு வந்தீங்க?" என்றார் டீச்சர்.

"மொதல்ல இந்த லைப்ரரி மேலதான் எனக்குச் சந்தேகம். ஜனவரி முப்பத்தொண்ணோட ஒரு மாசத்தைக் கூட்டுனா என்ன சொல்லுதுன்னு பாத்தேன். பிப்ரவரில முப்பத்தொண்ணு கிடையாதுல்லா, அங்க தடுக்கி விழும்னு நெனச்சேன். விழல. பிப்ரவரி இருபத்தெட்டுன்னு சரியாச் சொல்லிட்டு. அப்போ அது மேல குத்தம் இல்ல. நான் எழுதுன நிரல், என் கோடும் சரி. அப்படின்னா யாரோ கை வச்சிருக்கணும்."

"மார்ச்சுக்குப் பாத்தீங்களா?"

"ஒரு மாசத்துக்குச் சரியாச் சொன்னது அடுத்த மாசத்துக்கு ஏன் தப்பாச் சொல்லப் போவுது? அது மனுஷனா?"

அருமைநாயகம் தொடர்ந்தார்.

"முந்தாநாள் மாடிப்படியில ஒளிஞ்சு நின்னு போன் பேசுதா டீச்சர். என் காதால கேட்டேன். எதிர்ல முகாம் நர்ஸ் போலுக்கு. ‘கம்ப்யூட்டர் சொல்றதை நம்பாதீங்கக்கா, நான் சொல்ற தேதிக்கே எல்லாரையும் வரச் சொல்லுங்க’ங்கா. இதைவிட என்ன வேணும்? அந்த முகாம் ஊருக்கும் தனியாப் போயிட்டு வந்திருக்கா. எங்கிட்டயே ஒரு நாள் வந்து, ‘அண்ணாச்சி, முதல் முகாம் தேதிய எங்கயாவது வச்சிருக்கீங்களா’ன்னு நூல் விட்டுப் பாத்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போன தேதி இருக்கும்போது முதல் தேதி எதுக்கு? என் கோடுல கை வைக்காதேன்னு சொல்லிட்டேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. மாட்டிக்கிட்டவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் செம்பைத் தளும்பத் தளும்ப நிரப்பி மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரை வைத்தார்.

"செம்புல இருக்கிறதை டம்ளர்ல ஊத்துங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அருமைநாயகம் ஊற்றினார். டம்ளர் நிறைந்து வழிந்து, மேசையெல்லாம் ஓடி, அவருடைய கால்சட்டையை நனைத்தது. செம்பு காலியானது.

"டம்ளர் எப்படி இருக்கு?"

"நெறஞ்சிருக்கு."

"குறை உண்டா?"

"டம்ளர் கொள்ளுத வரைக்கும் இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"இப்ப டம்ளர்ல இருக்கிறதைத் திருப்பிச் செம்புல ஊத்துங்க."

ஊற்றினார். தண்ணீர் செம்பின் அடியில் கொஞ்சம் நின்றது.

"செம்பு நெறையலையே அண்ணாச்சி. செம்பு பெருசாயிட்டா?"

"அது அப்படியேதான் இருக்கு."

"டம்ளர் பொய் சொல்லிச்சா?"

"இல்ல."

"யாராவது வந்து குடிச்சிட்டுப் போனாங்களா?"

அருமைநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. செம்பை எட்டிப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மேசையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, கணினியைத் திருப்பினார்.

ஜனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாதம் கூட்டினார். பிப்ரவரி இருபத்தெட்டு என்றது. நிரல் செய்வதைப் போலவே, அந்த இருபத்தெட்டோடு இன்னொரு மாதம் கூட்டினார். மார்ச் இருபத்தெட்டு என்றது. இன்னொன்று கூட்டினார். ஏப்ரல் இருபத்தெட்டு.

பிப்ரவரிக்குள் நுழைந்தபோது வழிந்த மூன்று நாளும் வழிந்ததுதான். மார்ச்சில் இடம் இருந்தும் அவை திரும்பி வரவில்லை. எங்கிருந்து புறப்பட்டோம் என்று அவருடைய நிரலுக்கு ஞாபகமே இல்லை. அது போன முகாமின் தேதியை மட்டுமே பார்த்தது. அப்படி எழுதியது அவர்தான்.

பெரியவரின் நெற்றி அவர் கண்முன் வந்தது. தான் தேடிய கை தன்னுடைய கையேதான் என்று தெரிந்தபோது அவருக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது.

"டீச்சர்" என்றார். "இதுக்கு என்ன செய்ய?"

டீச்சர் மண்பானையைச் சுட்டினார். "டம்ளரை நிரப்பணும்னாலும் அங்க இருந்து மொள்ளுங்க. செம்பை நிரப்பணும்னாலும் அங்க இருந்து மொள்ளுங்க."

அருமைநாயகம் நிரலைத் திருத்தினார். போன தேதியைத் தூக்கி எறிந்தார். எப்போதும் ஜனவரி முப்பத்தொன்றிலிருந்தே கூட்டச் சொன்னார். ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி இருபத்தெட்டு. இரண்டு கூட்டினால் மார்ச் முப்பத்தொன்று. மூன்று கூட்டினால் ஏப்ரல் முப்பது. சாயங்காலம் போக வேண்டிய தகவலில் தேதி மாறியது. நாளைக்கு யாரும் பூட்டிய அறைமுன் வந்து நிற்க மாட்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் அருமைநாயகமே அல்ல. மெல்ல எழுந்து மறுபடி டீச்சரிடம் வந்தார்.

"சரி. கோடு என்னுது. ஒத்துக்கிடுதேன். ஆனா சக்தி விஷயத்துல இன்னும் எனக்கு என்னமோ உறுத்துது டீச்சர்."

"நர்ஸ்கிட்ட என்ன சொன்னா?"

"கம்ப்யூட்டர் சொல்றதை நம்பாதீங்கன்னா."

"கம்ப்யூட்டர் சொன்னது சரியா?"

அருமைநாயகம் தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தத் தேதிக்கு வரச் சொன்னா?"

"அது கேக்கல" என்றார். பிறகு, "முப்பதுன்னுதான் சொல்லியிருப்பா" என்றார்.

"அவ முதலாளிகிட்டயே போய்ச் சொல்லியிருக்கலாம். போயிருந்தா யாரு பேரைச் சொல்லியிருக்கணும்?"

"என் பேரைத்தான்" என்றார் அருமைநாயகம். ஆனாலும் அத்தனை நாள் வளர்த்த சந்தேகத்தை அவரால் ஒரேயடியாகக் கீழே போட முடியவில்லை. "நேத்து நான் பக்கத்துல போனதும் லேப்டாப்ப டப்புனு மூடுனாளே" என்றார்.

"மூடுனா என்ன?"

"அதுக்கு முந்தின நாளு ஒளிஞ்சு போன் பேசுனாள்லா. அதனாலதான் கவனிச்சேன்."

"பேசுனா என்ன?"

"அதுக்கு முந்தி முகாம் ஊருக்குத் தனியாப் போயிருந்தா."

"போனா என்ன?"

"அதுக்கு முந்தி என் கோடைப் பத்தி வந்து கேட்டாளே."

"கேட்டா என்ன?"

"அது..." அருமைநாயகம் தடுமாறினார். "பொங்கலுக்கு முன்னால ஒரு நாளு என்னையப் பாத்துச் சிரிச்சா. நான் ஒத்த விரலால தட்டிக்கிட்டு இருந்தேன். அன்னையில இருந்தே அவ மேல ஒரு இது."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி ஒண்ணும் இல்ல."

"முதல் நாள்?"

"எந்த முதல் நாள்?"

"நீங்க இங்க வேலைக்கு வந்த நாள்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி மேசையில் பிரம்மசக்தி ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். இங்கே நடப்பது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. அருமைநாயகம் அவள் முதுகை வெகுநேரம் பார்த்தார். ஐந்து மாதமாக அந்த முதுகையே பார்த்திருக்கிறார். அதில் ஒரு நாள்கூட அந்த முதல் நாளை நினைத்துப் பார்த்ததில்லை.

"அன்னைக்கு எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தாங்க" என்றார் மெதுவாக. "உக்காரும்போது முட்டி மடங்கல. மேசையப் பிடிச்சு உக்காந்தேன். யாரும் பாக்கலைன்னு நெனச்சேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து பாத்தா முக்காலியக் காணோம். இந்த நாற்காலி கெடக்கு."

"யாரோட நாற்காலி?"

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"புது நாற்காலி வாரது வரைக்கும் அந்த முக்காலியிலதான் இருந்தா டீச்சர். கேட்டதுக்கு, எனக்கு இதுதான் வசதின்னா."

கீழே மருந்துக் கடை வாசலில் முதலாளியின் பைக் வந்து நின்றது. ஸ்டாண்டை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

அருமைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பேரைச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன். இப்ப அவர் வந்து நிப்பாரு. எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன். ஆனா எங்க இருந்து ஆரம்பிக்க?"

டீச்சர் பானையிலிருந்து மொண்டு செம்பை நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

"நாற்காலியில இருந்து ஆரம்பிங்க, அண்ணாச்சி."